பார்ட்டி இல்லாத பில்கள்: கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது?

கூட்டல்பிழை | செவ்வாய், இரவு 10.40

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றின் பில்லிங் மென்பொருளைப் பராமரித்துத் தருகிறேன். நான் எழுதியதில்லை. 2009 வாக்கில் யாரோ பிஎச்பி நிரல்மொழியில் எழுதியது, நான்கைந்து கை மாறி என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போது மைஎஸ்க்யூஎல் 5.7 தரவுத்தளத்தில் ஓடுகிறது.

கடந்த நிதியாண்டின் விற்பனையை பில் டேபிளில் (பில்லுக்கு ஒரு வரி என இருக்கும் அட்டவணையில்) மட்டும் கூட்டினால் ஒரு தொகை வருகிறது. அதையே பார்ட்டி (சரக்கு வாங்கும் வாடிக்கையாளர்) வாரியாக அறிக்கை எடுத்து அடியில் கூட்டினால் 11,42,870 ரூபாய் குறைகிறது. ஆடிட்டர் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டேபிள்களுக்கு இடையே உறவு அறுந்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரி, சிறிய டேபிளில் தொடங்குவோம் என்று ரசீது டேபிளை எடுத்தேன். ஒவ்வொரு ரசீதிலும் அது எந்த பில்லுக்கு வந்த பணம் என்று பில் எண் இருக்கும். பில் டேபிளில் இல்லாத பில் எண் கொண்ட ரசீதுகளைக் காட்டு என்று 'நாட் இன்' போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. அப்படியென்றால் உறவு சரியாகத்தானே இருக்கிறது? பணம் எங்கே போனது?

இடமிருந்துவலம் | செவ்வாய், இரவு 11.15

இரண்டு கேள்வி. பார்ட்டி அறிக்கையில் பில்லையும் பார்ட்டியையும் இன்னர் ஜாயினில் (இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் சேர்ப்பில்) சேர்த்திருக்கிறார்களா? பில் டேபிளில் பில் எண் நல் ஆக, அதாவது நிரப்பாமல், இருக்கும் வரி ஏதாவது உண்டா?

கூட்டல்பிழை | செவ்வாய், இரவு 11.22

முதலாவதுக்கு ஆமாம், இன்னர் ஜாயின்தான். இரண்டாவதுக்கும் ஆமாம். எஸ்டிமேட் போட்டால் பில் டேபிளிலேயே வரி விழும், ஆனால் பில் எண் கிடைக்காது. உறுதி செய்த பிறகுதான் எண் ஏறும்.

இடமிருந்துவலம் | செவ்வாய், இரவு 11.50

அங்கேதான் ஏமாந்தீர்கள். நல் என்றால் நல்லது என்று பொருளில்லை :) 'தெரியாது' என்று பொருள். ஒரு ரசீதில் பில் எண் 7. பில் டேபிளில் இருப்பவை 3, 5, நல். 7 இந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால் தரவுத்தளம் ஒவ்வொன்றாக ஒப்பிடும். 7 என்பது 3 இல்லை, உண்மை. 5 இல்லை, உண்மை. நல் இல்லையா? தெரியாது. மூன்றையும் 'அண்ட்' போட்டுச் சேர்த்தால் முடிவும் 'தெரியாது'. குவெரியின் 'வேர்' என்ற நிபந்தனைப் பகுதி உண்மை என்று உறுதியானதை மட்டும்தான் வெளியே விடும். உள்ளே ஒரே ஒரு நல் இருந்தால் போதும், உங்கள் குவெரி காலம் முழுக்கப் பூஜ்ஜியம் வரிதான் தரும். பிழைச் செய்தியும் வராது.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்கள், ஜோடி வரி இல்லையா என்று அது நேராகப் பார்க்கும். இல்லையென்றால் ரசீதை இடப்பக்கம் வைத்து பில்லோடு லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாவிட்டாலும் இடப்பக்க வரியை விடாத சேர்ப்பு) செய்து, பில்லின் ப்ரைமரி கீ (வரியின் தனி அடையாளம்) நல் ஆக வரும் வரிகளை மட்டும் எடுங்கள். வலப்பக்க டேபிளின் வேறு ஃபீல்டை நல் என்று சோதிக்காதீர்கள். அந்த ஃபீல்டே காலியாக இருக்கும் நல்ல வரிகளும் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

இதையே பில்லுக்கும் பார்ட்டிக்கும் செய்யுங்கள். அறிக்கையில் விழும் ஓட்டை அங்கேதான் இருக்கும். பார்ட்டி கிடைக்காத பில்லை இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

கூட்டல்பிழை | புதன், காலை 9.05

ரசீதில் 61 வரி. பில்லில், கடந்த நிதியாண்டில் மட்டும், பார்ட்டி இல்லாத பில்கள் 1,312. அவற்றின் தொகையைக் கூட்டினால் மிகச்சரியாக 11,42,870. ரூபாய்கூடப் பிசகவில்லை. இரவு தூக்கம் வந்தது.

வேகநடை | புதன், காலை 9.20

பார்ட்டியே இல்லாத பில் எதற்கு? டெலிட் அடித்துவிட்டு ஃபாரின் கீ (இல்லாத பார்ட்டியைச் சுட்டும் பில்லைத் தடுக்கும் காவல்) போட்டு முடியுங்கள் ப்ரோ. அரை மணி நேர வேலை.

பழையடிபிஏ | புதன், காலை 10.30

தம்பி வேகநடை, 11 லட்ச ரூபாய் விற்பனையை அரை மணி நேரத்தில் அழித்தால் ஆடிட்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு சிவப்புப் பேனாவை எடுப்பார். சரக்கு போயிருக்கிறது, அரசுக்கு வரி கட்டியிருக்கிறார்கள். தொலைந்தது பார்ட்டி. பில்லை எதற்கு அழிக்க வேண்டும்?

கூட்டல்பிழை, 1,312 என்ற எண்ணை வைத்து ஒன்றும் தெரியாது. காணாமல் போன பார்ட்டி ஐடி வாரியாகத் தொகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஐடிக்கும் எத்தனை பில், முதல் பில் தேதி, கடைசி பில் தேதி, மொத்தத் தொகை. எந்த நாளில் அறுந்தது என்று அதில் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் எதையும் தொடாதீர்கள். டேபிளின் என்ஜின் (தரவைச் சேமிக்கும் உள்பகுதி) எது என்பதையும் சொல்லுங்கள்.

கூட்டல்பிழை | புதன், மதியம் 1.10

சார், பார்த்தேன். காணாமல் போன ஐடிகள் மொத்தமே 48தான். அதில் ஒன்றின் ஐடி 0. அது ஒன்றில் மட்டும் 1,240 பில், 8,96,410 ரூபாய். மற்ற 47 ஐடிகளுக்கும் சேர்த்து 72 பில், 2,46,460 ரூபாய்.

கல்லாவில் கேட்டேன். பெயர் சொல்லாமல் வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப் போவோருக்கு பார்ட்டியைத் தேர்ந்தெடுக்காமல் பில் போடுவார்களாம். அப்போது 0 விழுகிறது.

என்ஜின் இன்னோடிபி. 2018இல் மைஐசாமிலிருந்து மாற்றியதாகக் குறிப்பு இருக்கிறது. பழைய நிறுவல் கோப்பைத் திறந்தால் அதில் ஃபாரின் கீ வரிகள் அழகாக எழுதியிருக்கின்றன. ஆனால் டேபிளின் வரையறையை இப்போது கேட்டால் ஒன்றுகூட இல்லை. யாராவது எடுத்துவிட்டார்களா?

பழையடிபிஏ | புதன், மதியம் 2.00

எடுக்கவில்லை, உள்ளே போகவே இல்லை. மைஐசாமிடம் ஃபாரின் கீ கொடுத்தால் இலக்கணம் சரியா என்று படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். எச்சரிக்கைகூடக் கிடையாது. 5.5 பதிப்பில்தான் இன்னோடிபி இயல்பான என்ஜின் ஆனது, 2010இல். 2009இல் எழுதியவர் என்ஜின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார், பாவம். பின்னால் என்ஜினை மாற்றியபோது சேமிக்காத ஃபாரின் கீ எங்கிருந்து வரும்?

இன்னோடிபியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபீல்டை வரையறுக்கும் அதே வரியின் வாலில் 'ரெஃபரன்சஸ்' என்று ஒட்டினால் 5.7இல் அதுவும் காற்றோடு போகும். தனி வரியாக 'ஃபாரின் கீ' என்று எழுதினால்தான் ஏறும். கோப்பில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், தரவுத்தளத்திடம் கேளுங்கள்.

0 உறவு அறுந்த கேஸ் இல்லை, 'யாரோ ஒருவர்' என்பதற்கு இவர்கள் வைத்த பெயர். அதைத் தள்ளி வையுங்கள். 47ஐப் பாருங்கள்.

நீலயானை | புதன், மாலை 4.40

போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தின் ஆள் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கமும் முழுச் சுத்தமில்லை. மொத்தமாகத் தரவு ஏற்றும்போது ட்ரிகரை (வரி ஏறும்போது தானாக ஓடும் வேலைகளை) எல்லாம் அணைத்துவிட்டால் ஃபாரின் கீயும் அணைந்துவிடும். திரும்பப் போட்டால் நடுவில் நுழைந்ததை அது திரும்பிப் பார்க்காது. வரையறையில் ஃபாரின் கீ கம்பீரமாக நிற்கும், உள்ளே, சுட்டும் இடத்தில் ஆளில்லாத அநாதை வரிகள் இருக்கும்.

ஆனால் 9.1இலிருந்து ஒரு நல்ல வசதி உண்டு. 'நாட் வேலிட்' என்று சொல்லி ஃபாரின் கீயை முதலில் போட்டுவிடலாம். புது வரிகளுக்கு உடனே காவல் வந்துவிடும். பழையவற்றை ஆற அமரச் சரிசெய்துவிட்டு 'வேலிடேட்' செய்தால் போதும். அந்த நேரத்திலும் டேபிளில் எழுதுவது நிற்காது.

கைபேசிப்பயல் | புதன், மாலை 5.15

ஆண்ட்ராய்டு ஆள் நான். கைபேசியில் இருக்கும் சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ காவல் 2009இல், 3.6.19 பதிப்பில் வந்தது. ஆனால் இன்றும் இயல்பில் அணைந்தே இருக்கும். இணைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாம்தான் போட வேண்டும். இது தெரியாமல் ஓராண்டு ஓட்டினேன். 'இன்டெக்ரிட்டி செக்' என்ற ப்ராக்மா (எஸ்க்யூலைட்டின் தனிக் கட்டளை) ஓட்டினால் 'ஓகே' என்று வரும், சந்தோஷப்படக் கூடாது. அது கோப்பு கெட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கும், ஃபாரின் கீயைத் தொடாது. அதற்கு 'ஃபாரின் கீ செக்' என்று தனி ப்ராக்மா. அறுந்த வரியின் டேபிள், ரோ ஐடி, அது சுட்டும் தாய் டேபிள் எல்லாவற்றையும் அதுவே பட்டியல் போடும்.

இடமிருந்துவலம் | புதன், மாலை 5.40

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இதை 'நம்பிக்கையில்லாத ஃபாரின் கீ' என்றே குறித்து வைத்திருப்பார்கள். சிஸ்டம் பட்டியலில் 'இஸ் நாட் ட்ரஸ்டட்' என்ற ஃபீல்டு 1 ஆக இருந்தால், பழைய வரிகளைச் சோதிக்காமல் போட்ட கீ என்று அர்த்தம். குவெரித் திட்டம் போடும்போது அதுவே அந்தக் கீயை நம்பாது.

கூட்டல்பிழை | புதன், இரவு 9.50

47இல் 41 ஐடிகளுக்குக் கடைசி பில் எல்லாம் ஜூலை 2ஆம் தேதிக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. முதலாளியிடம் கேட்டேன். அந்த வாரம்தான் முன்பிருந்த பையனை உட்கார வைத்து இரட்டைப் பார்ட்டிகளைச் சுத்தம் செய்யச் சொன்னாராம். ஒரே மருந்துக்கடை 'ஸ்ரீ' போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. அவன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கியிருக்கிறான், நீக்கியதன் பில்களை மாற்றவில்லை.

ஜூன் கடைசி நாள் பேக்கப் பென் டிரைவில் இருந்தது. தனித் தரவுத்தளமாக ஏற்றி 41 பெயர்களையும் எடுத்துவிட்டேன். பெயரை வைத்துப் பொருத்தலாமா?

பழையடிபிஏ | புதன், இரவு 10.15

பெயரை வைத்துத்தானே இந்தக் கூத்தே நடந்தது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்கிறதே, அதை வைத்துப் பொருத்துங்கள். எண் இல்லாதவற்றை மட்டும் கையால், பில் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பழைய ஐடி, புது ஐடி, எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று ஒரு டேபிளில் எழுதிவைத்த பிறகே பில்லை அப்டேட் செய்யுங்கள். ஆடிட்டர் கேட்டால் அந்த டேபிள்தான் பேசும்.

கணக்கக்கா | வியாழன், காலை 7.30

எல்லாரும் தாய் இல்லாத வரிகளையே தேடுகிறீர்கள். தப்பான தாயோடு இருக்கும் வரிகளை யார் தேடுவது?

தம்பி கூட்டல்பிழை, அந்தக் கடையின் சர்வர் இரவில் அணைக்கப்படுகிறதா?

கூட்டல்பிழை | வியாழன், காலை 8.10

ஆமாம் அக்கா. சர்வர் என்று பெரிய பெயர், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிதான். ஷட்டர் இறக்கும்போது அதையும் அணைத்துவிடுவார்கள். ஏன்?

கணக்கக்கா | வியாழன், காலை 8.45

8.0க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி டேபிளின் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண் (புது வரிக்குத் தானாகக் கிடைக்கும் அடுத்த ஐடி) நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும், வட்டில் இராது. அணைத்துப் போட்டால், டேபிளில் இருக்கும் மிகப் பெரிய ஐடியைப் பார்த்து அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும். 2003இல் பதிவான 199ஆம் எண் பிழை இது. 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது.

இப்போது உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். மாலையில் புதுப் பார்ட்டி சேர்க்கிறார்கள், ஐடி 2,210. அவருக்கு இரண்டு பில். அப்புறம் ஏதோ காரணத்தால் அந்தப் பார்ட்டியை நீக்குகிறார்கள். பில்கள் 2,210ஐப் பிடித்துக்கொண்டு அநாதையாக நிற்கின்றன. ஷட்டர் இறங்குகிறது. காலையில் வேறொருவர் புதுப் பார்ட்டியாக வருகிறார். அவருக்கு என்ன ஐடி கிடைக்கும்? அதே 2,210. நேற்றுவரை அநாதையாக இருந்த பில்கள் இன்று இவர் பிள்ளைகள். லெஃப்ட் ஜாயினும் கண்டுபிடிக்காது, நாட் எக்ஸிஸ்ட்ஸும் கண்டுபிடிக்காது. ஃபாரின் கீ போட்டால் மறுப்பில்லாமல் ஏறும். கூட்டுத்தொகைகூட இடிக்காது.

பார்ட்டி டேபிளில் சேர்த்த தேதி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பார்ட்டி பிறப்பதற்கு முன்பே பில் பிறந்திருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஆண்டோடு நிறுத்தாமல், இன்னோடிபிக்கு மாறிய நாளிலிருந்து.

கூட்டல்பிழை | வியாழன், காலை 11.35

அக்கா, கை நடுங்குகிறது. 4 பார்ட்டிகள், 19 பில்கள், 83,150 ரூபாய்.

அந்த நால்வரில் ஒருவர், 'நான் வாங்காத சரக்குக்குப் பாக்கி காட்டுகிறீர்கள்' என்று ஆறு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். முதலாளி அவருக்குக் கடனை நிறுத்திவிட்டார். லெட்ஜரை எடுத்துப் பார்த்தேன். அவர் கணக்குத் தொடங்கியது நவம்பரில். அக்டோபரில் அவர் பெயரில் மூன்று பில்.

பழையடிபிஏ | வியாழன், மதியம் 12.05

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இந்தச் சோதனையை இதுவரை ஓட்டியதில்லை. கணக்கக்காவுக்கு ஒரு கும்பிடு.

கூட்டல்பிழை, முதலில் முதலாளியிடம் போய் அந்த மூன்று பில்லைக் காட்டுங்கள். மற்றது அப்புறம்.

வேகநடை | வியாழன், மதியம் 12.30

சரி, டெலிட் சொன்னது தப்புதான். ஆனால் ஒரு சந்தேகம். ஃபாரின் கீ போட்டால் வேகம் குறையும் என்கிறார்களே? நீக்கும் முன் பில் இருக்கிறதா என்று பிஎச்பியிலேயே சோதித்தால் போதாதா?

இடமிருந்துவலம் | வியாழன், மதியம் 1.15

ஒவ்வொரு பில் சேரும்போதும் பார்ட்டி இன்டெக்ஸில் (வேகமாகத் தேட வைத்த அகரவரிசை போன்ற பட்டியலில்) ஒரு தேடல் கூடும், அவ்வளவுதான். ஒரு மருந்துக்கடை ஒரு நாளில் போடும் பில்லுக்கு அது தெரியவே தெரியாது. பிஎச்பியில் சோதித்தால், சோதனை முடிந்து நீக்கல் தொடங்குவதற்குள் பக்கத்துக் கணினியில் ஒரு பில் விழலாம். அதைவிட, இரட்டைப் பார்ட்டிகளை நீக்கிய அந்தப் பையன் பிஎச்பி வழியாகவா போனான்? நேராக டேபிளைத் திறந்து நீக்கியிருப்பான். அந்த வாசலில் உங்கள் சோதனை நிற்கவில்லை.

நீக்குவது வேறு. சேய் டேபிளில் (இங்கே பில்) இன்டெக்ஸ் இல்லையென்றால் தாய் வரி ஒன்றை நீக்க முழு டேபிளையும் துழாவ வேண்டிவரும். இன்னோடிபி தானாகவே இன்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் போடாது, நாம்தான் போட வேண்டும்.

கூட்டல்பிழை | வெள்ளி, இரவு 11.00

முதலாளி அந்தப் பார்ட்டியைக் கடைக்கு வரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

ரசீது 61இல் 38 அறுந்தவையே இல்லை. பில்லில் '0147', ரசீதில் '147'. எக்ஸெல் வழியாக ஏற்றியபோது முன்னால் இருந்த சுழியம் உதிர்ந்திருக்கிறது. மிச்சம் 23இல் 21, ரத்து செய்த பில்களுக்கான ரசீதுகள். மென்பொருள் ரத்து செய்வதாகச் சொல்லி பில் வரியையே அழித்திருக்கிறது. இரண்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

0க்காக 'கவுன்ட்டர் சேல்ஸ்' என்று 0 ஐடியிலேயே ஒரு பார்ட்டி சேர்க்கப் பார்த்தேன். 2,307 என்ற ஐடியில் போய் உட்கார்ந்தது!

பழையடிபிஏ | சனி, காலை 8.20

ஆட்டோ இன்க்ரிமென்ட் ஃபீல்டில் 0 கொடுத்தால் 'அடுத்த எண்ணைக் கொடு' என்று எடுத்துக்கொள்ளும். அதை மாற்ற ஒரு மோட் உண்டு, போடாதீர்கள். நாளைக்கு வேறு யாராவது தரவை இடம் மாற்றும்போது மறுபடி மாட்டுவார்கள். 2,307ஏ இருக்கட்டும். 1,240 பில்லையும் முந்தைய ஆண்டுகளின் 0 பில்களையும் அதற்கு மாற்றுங்கள். நல் ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல் ஆக்கினால் ஃபாரின் கீ விட்டுவிடும், ஆனால் உங்கள் அறிக்கையின் இன்னர் ஜாயினும் பழையபடி விட்டுவிடும். ஆடிட்டரின் வட்டம் அப்படியே இருக்கும்.

பில் ரத்து என்றால் டேபிளில் அதன் வரியை அழிப்பது பெரிய தப்பு. பில் எண் தொடர்வரிசையில் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ரத்து என்று குறித்து வையுங்கள், பில்லின் வரி இருக்கட்டும்.

மருந்தின் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) பக்கமும் ஒரு கண் வையுங்கள். மருந்து ஐடியும் பேட்ச் எண்ணும் சேர்ந்து ஒரே ஃபாரின் கீ ஆக இருந்தால், பேட்ச் நல் ஆன வரியில் மருந்து ஐடியையும் சோதிக்காது. இல்லாத மருந்தைக்கூட விற்கலாம்.

கூட்டல்பிழை | ஞாயிறு, மாலை 6.30

கடை விடுமுறை என்பதால் இன்று ஃபாரின் கீ போட உட்கார்ந்தேன். முதல் முறை 1215 பிழை. ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறது. இன்னோடிபி ஸ்டேட்டஸ் கேட்டு, அதில் கடைசி ஃபாரின் கீ பிழை என்ற பகுதியைப் படித்த பிறகுதான் புரிந்தது: பார்ட்டியில் ஐடி 'அன்சைன்ட்' (மைனஸ் ஏற்காத எண்), பில்லில் வெறும் 'இன்ட்' (மைனஸும் ஏற்கும்). சரிசெய்தேன். இரண்டாம் முறை 1452. எங்கோ இன்னும் அநாதை. தேடினால் 2013இன் ஒரு பில், பார்ட்டி ஐடி மைனஸ் 1 ஆக இருந்திருக்கிறது. ஃபீல்டை அன்சைன்ட் ஆக்கும்போது தரவுத்தளம் கத்தியிருக்கும். நான்தான் ஸ்ட்ரிக்ட் மோடை (பொருந்தாத மதிப்பை மறுக்கும் அமைப்பை) அணைத்து வைத்திருந்தேன், அது 0 ஆகிவிட்டது. பேக்கப்பில் பார்த்துச் சரிசெய்தேன்.

மூன்றாம் முறை ஏறியது. இரண்டு அறிக்கையும் ஒரே தொகை.

கணக்கக்கா | ஞாயிறு, மாலை 7.10

நல்லது தம்பி. ஒன்று மட்டும். பேக்கப் டம்ப் கோப்பின் தலையிலேயே ஃபாரின் கீ சோதனையை அணைக்கும் வரி இருக்கும். முடிந்ததும் திரும்பப் போடும், ஆனால் நடுவில் ஏறியதைச் சோதிக்காது. ஒவ்வொரு மீட்டலுக்குப் பிறகும் அந்த லெஃப்ட் ஜாயினையும் தேதிச் சோதனையையும் ஓட்டிவிடுங்கள்.

கூட்டல்பிழை | திங்கள், காலை 10.25

இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு வைத்துவிட்டேன் அக்கா. இப்போதுதான் கல்லாவிலிருந்து போன். 'பார்ட்டியை நீக்கப் பார்த்தால் ஏதோ இங்கிலீஷில் சிவப்பாக வருகிறது, கெடுத்துவிட்டீர்களா?' என்று கேட்கிறார்கள். இன்று மாலை அந்த நீக்கு பொத்தானை எடுத்துவிட்டு 'முடக்கு' என்று ஒன்று வைக்கப் போகிறேன். அந்த இரண்டு ரசீது மட்டும் இன்னும் பாக்கி.